க்ரௌச்சிங் டைகரா, பாரசைட்டா?

ஆங்கிலம் பேசாத படங்களின் வெற்றி என்றால் இந்த இரண்டும் தவறாமல் பேச்சில் வரும். ஆங் லீ இயக்கிய சீன மொழி வாள்சண்டைப் படம் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ (2000), போங் ஜூன் ஹோ இயக்கிய கொரியப் படம் ‘பாரசைட்’ (2019). ஆளுக்கு 4 ஆஸ்கர்.

அமெரிக்க வசூலில் ஆங் லீ வெகுதூரம் முன்னே: சுமார் 12.8 கோடி டாலர். பாரசைட்டுக்கு 5.3 கோடிதான். ஆனால் உலகம் முழுக்கக் கூட்டினால் பாரசைட் 25 கோடியைத் தாண்டுகிறது. மற்றது 21 கோடி சொச்சம். சொந்த மண் வரவேற்பும் இதற்கு ஒரு காரணம். தென் கொரியாவில் மட்டும் 1 கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. சீனாவிலோ ஆங் லீயின் படம் பெரிதாக எடுபடவில்லை. வாள்சண்டைப் படங்கள் அங்கே புதிதல்ல. முக்கிய வேடங்களில் நடித்த சௌ யுன் ஃபாட், மிஷெல் யோ இருவரின் மாண்டரின் (சீனாவின் பொதுமொழி) உச்சரிப்பும் பலருக்கு உறுத்தியது.

விமர்சகர்கள் இரண்டையும் கொண்டாடினார்கள். சரி, சிறந்த படத்துக்கான ஆஸ்கர்? 2001இல் அது ‘கிளாடியேட்டர்’ கைக்குப் போனது. 2020இல் பாரசைட் வாங்கியது, ஆங்கிலமல்லாத படங்களில் முதலாவதாக. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப்பனையும் ஏற்கெனவே கையில் இருந்தது. என்னைக் கேட்டால் பாரசைட்டின் வெற்றியே முழுமையானது. கொரிய ரசிகரும் வெளிநாட்டு நடுவரும் ஒரே படத்தை மனதார ஏற்றார்கள்.