பெட்ரோல் ஃபெர்குசனில் கரண்ட் வராதபோது: மலைத்தோட்டத்து அனுபவம்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் கேரட், உருளைக்கிழங்கு நிலத்தின் அடிமட்டத்தில் இன்றும் உழுவதும் மூட்டை இழுப்பதும் ஒரு சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. எங்களுடையது பெட்ரோல் எஞ்சின். பல ஆண்டுகள் ஓட்டியதில் கியரோ ஹைட்ராலிக்கோ என்னைப் பெரிதாகச் சோதித்ததில்லை. வண்டி நின்ற நாட்களில் பெரும்பாலும் ஒரே குறைதான்: பிளக்கில் கரண்ட் வராது. உடனே புதுக் காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்கான உயர் அழுத்தமாக மாற்றும் சுருள்) வாங்கி வரச் சொல்வார்கள். காயில் கெட்டுப்போனது மிக அபூர்வம் என்பது என் அனுபவம்.

இந்த மலையில், பொறியைப் பிளக்குகளுக்கு முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு முதல் பகை ஈரம். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, அது விட்டதும் உறைபனி. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலை மூடுபனி படிந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் வியர்த்துவிடும். அதற்குள் சேர்ந்து பிரிந்து காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் முனைகள்தான் பாயின்ட். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் பாயின்ட் முகத்தில் வெளிறிய படலம் பிடிக்கும். பார்வைக்குப் பாயின்ட் சேர்ந்துதான் இருக்கும். மின்சாரம் மட்டும் கடக்காது.

இந்த வண்டியில் கியர் லீவரை எஸ் நிலைக்குத் தள்ளினால் ஸ்டார்ட்டர் சுற்றும். இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் வயர் வேறு. ஆகவே ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றுகிறது என்பதை வைத்துக் காயிலுக்கு மின்சாரம் போகிறது என்று முடிவு கட்டக் கூடாது.

நான் முதலில் பார்ப்பது டேஷ்போர்டில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரை. காயிலிலிருந்து வரும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவி, அதன் முனையை எஞ்சின் உடலோடு சேர்த்துவைக்கிறேன். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு, முன்னால் உள்ள கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுகிறேன். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். பாயின்ட் சேரும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் மூன்று, நான்கு ஆம்பியர் சாயும், பிரியும்போது திரும்பும். 12 வோல்ட் காயிலின் பிரைமரி (பேட்டரி மின்சாரம் ஓடும் பக்கம்) மின்தடை 3 முதல் 4 ஓம் வரை என்பதால் வரும் கணக்கு இது. முள் இப்படி ஆடினால் பிரைமரி சுற்று பெரும்பாலும் சரி. குறையைக் கண்டன்சர் (பாயின்ட்டோடு இணைந்த மின்தேக்கி), ரோட்டார் (மூடிக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் கொடுக்கும் துண்டு), மூடி, வயர்களில் தேட வேண்டும். சாயவே இல்லையென்றால் எங்கோ துண்டிப்பு, அல்லது பாயின்ட்டில் அழுக்கு. சாய்ந்தபடியே நின்றால் பாயின்ட் பிரியவில்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது, அதாவது மின்சாரம் வண்டியின் உடலுக்குப் போய்விடுகிறது. இத்தனையையும் ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் அறியலாம். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த அம்மீட்டர்தான்.

அடுத்தது டெஸ்ட் லேம்ப், ஒரு முனையை எஞ்சின் உடலில் மாட்டிய சிறு விளக்கு. காயிலில் சுவிட்ச் பக்க முனையில் விளக்கு எரிய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் பாயின்ட் பிரிந்திருக்கும்போது எரிந்து, சேர்ந்ததும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட்டைத் துடையுங்கள். நான் உப்புத்தாள் போடுவதில்லை. மணல் துகள் முகத்தில் பதிந்து மறுபடி தொல்லை தரும். பெட்ரோலில் நனைத்த கெட்டி அட்டையை நடுவில் விட்டு இழுத்து, பிறகு காய்ந்த அட்டையால் துடைக்கிறேன். இடைவெளி 0.35 மி.மீ. அளவில் இருந்தால் எங்கள் வண்டி நன்றாக ஓடுகிறது.

சென்ற மழைக்காலம் முடிந்தபோது வந்த குறைதான் என் பொறுமையை மிகவும் சோதித்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட் மூட்டைகளோடு வண்டி நடுவழியில் நிற்கும். சற்று நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோல ஓடும். சூட்டில் காயில் செத்துப்போகிறது என்று ஒரு மெக்கானிக் உறுதியாகச் சொன்னார். நின்ற நேரத்தில் முள் சாயவில்லை. காயிலின் இரண்டு முனைகளிலும் விளக்கு எரிந்தது. ஆக, காயிலுக்குள் துண்டிப்பு இல்லை. பாயின்ட் சுத்தமாகச் சேர்ந்திருந்தும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க விளக்கு அணையவில்லை. மீதமிருந்தது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் விரல் நீளச் சிறு வயர். வெளியுறை முழுதாக இருந்தது. நகத்தால் லேசாக இழுத்ததும் உறை நீண்டது. உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறி அறுந்திருந்தன. வளைந்துகொடுக்கும் மெல்லிய இழை வயர் ஒன்றை அங்கே பற்றவைத்தேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அந்த வயரைப் போடும்போது காப்பு வாஷர்களின் வரிசையைக் கவனியுங்கள். பாயின்ட் ஸ்பிரிங், வயர், கண்டன்சர் வயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் எர்த்தைத் தொடக் கூடாது. ஒரு வாஷர் இடம் மாறினால் பிளக்கில் பொறி வரவே வராது.

காயிலில் பொறி இருந்து பிளக்கில் இல்லாவிட்டால் ரோட்டாரைச் சந்தேகியுங்கள். மூடியைக் கழற்றி, காயில் வயரின் முனையை ரோட்டாரின் பித்தளைக்கு மேல் சில மி.மீ. உயரத்தில் பிடித்துப் பாயின்ட்டைப் பிரித்துவிடுங்கள். வயரை வெறும் கையால் பிடிக்க வேண்டாம். பொறி ரோட்டாருக்குப் பாய்ந்தால் அது உள்ளுக்குள் ஓட்டை விழுந்து தண்டுக்குக் கசிகிறது. புதிய ரோட்டாரிலும் இதைக் கண்டிருக்கிறேன். புதிய கண்டன்சர்களும் அப்படித்தான், பழையது நன்றாக இருந்தால் நான் மாற்றுவதில்லை.

காயில் மாற்றியே ஆக வேண்டுமென்றால் அம்பாசடர் காருக்கு வந்ததுபோன்ற, பேலஸ்ட் (தனி மின்தடை) தேவைப்படாத 12 வோல்ட் காயில் போதும். எங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை வண்டி உடலோடு இணைந்திருக்கும். எனவே காயிலின் மைனஸ் முனை சுவிட்சுக்கும் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். மாற்றிப் போட்டாலும் எஞ்சின் ஓடும். பொறி மெலிந்து, குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். பாயின்ட்டை நீக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்பவர்களும் உண்டு. பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்ததை வாங்காவிட்டால் முதல் சுவிட்சிலேயே கருகிவிடும். கருகினால் வயல் நடுவில் அதைச் சரிசெய்ய வழியில்லை. பாயின்ட்டுக்கு ஓர் அட்டைத் துண்டு போதும் என்பதால் நான் அதிலேயே தொடர்கிறேன்.