12, 18, 25: வீட்டு அலமாரிக்கு எந்தக் கனப் பலகை?

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பிளைவுட் கடையில் போய் "அலமாரிக்கு" என்று சொன்னால் 18 மில்லிமீட்டர் (பேச்சில் மில்லி) கனப் பலகையை எடுத்துப் போடுவார்கள். முக்கால்வாசி சரிதான். ஆனால் அலமாரி முழுக்க 18 வாங்குவது வீண்செலவு. தட்டு தொய்கிறதே என்று 25-க்குத் தாவுவது அதைவிட வீண்.

தொய்வுக்கு முதல் காரணம் நீளம், கனம் அதற்கு அப்புறம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 அடி அகலத் தட்டு, இரண்டு முனையில் மட்டும் தாங்கல், அடிக்கு 10 கிலோ வீதம் புத்தகம். 3 அடி நீளமென்றால் 12 மில்லி பிளைவுட் நடுவில் சுமார் 11 மில்லி இறங்கும், 18 ஏறத்தாழ 3, 25 ஒன்றுக்குச் சற்று மேல். அதே 12 மில்லியை 2 அடிக்குக் குறைத்தால் இறக்கம் 2 மில்லி சொச்சம்தான். இது முதல் நாள் கணக்கு. பாரம் மாதக்கணக்கில் இருந்தால் இன்னும் இறங்கும், ஈரக்காற்றில் அது கூடும். வருஷத்துக்கு இரண்டு பருவமழை பார்க்கிற ஊர் இது.

ஆகவே 3 அடித் தட்டுக்கு நடுவில் ஒரு நிற்பலகை கொடுங்கள். அதற்கு வழியில்லையா? 18 மில்லியின் முன்விளிம்பில் 1½ × ¾ அங்குல ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) மேல்மட்டம் சமமாக நிறுத்திவைத்து ஒட்டுங்கள். விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், பிளைவுட்டின் அடுக்கு விளிம்பும் மறையும். 25 மில்லி 8 × 4 ஷீட் 50 கிலோ வரும், 18 சுமார் 35. மாடிப்படியில் ஏற்றும்போது தெரியும் வித்தியாசம். ஷீட்டை வெட்டும்போது மேல்தாளின் இழை தட்டின் நீளவாட்டில் ஓட வேண்டும். பெரும்பாலும் அது 8 அடிப் பக்கம். மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே வெட்டினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

டிராயரின் பக்கங்களுக்கும் 2 அடிக்கு உட்பட்ட தட்டுகளுக்கும் 12 மில்லி போதும். பின்பலகைக்கு 6 போதும். கதவுக்கு 12 கூடவே கூடாது: ஆட்டோ ஹிஞ்சின் (கதவுக்குள் பதிக்கும் கீல்) 35 மில்லிக் கிண்ணத்துக்குக் கிட்டத்தட்ட 12 மில்லி ஆழம் துளைக்க வேண்டும், மறுபக்கம் பொத்துக்கொண்டு வந்துவிடும். விளிம்பில் 4 மில்லி ஸ்குரூ ஏற்றினாலும் 12-இன் அடுக்குகள் விரிந்து போகும். 18-இல் முதலில் 3 மில்லித் துளை போட்டு ஏற்றினால் பிடிக்கும். குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

அயனி, பலா, ரப்பர் என்று மரமாகவே வாங்குகிறவர்களுக்கு அளவே வேறு. மரம் அறுக்கும் மில்லில் பேச்சு அங்குலத்திலும் நூலிலும் (ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று). 1 அங்குலம் என்று அறுத்தது காய்ந்து, இழைத்து முடிகையில் 20 முதல் 22 மில்லிதான். 18 வேண்டுமென்று ஆறு நூலுக்கு அறுத்தால் கையில் மிஞ்சுவது 15, 16. அகலப் பலகை சட்டி போல் குழிந்துவிடும். 4 அங்குலத் துண்டுகளாக்கி, வெட்டுமுனையில் தெரியும் மரத்தின் வளையக்கோடு ஒன்றில் மேல்நோக்கியும் அடுத்ததில் கீழ்நோக்கியும் வரும்படி ஒட்டுவது நல்லது. கதவுக்குச் சட்டம் 1 அங்குலம், உள்பலகை 12 மில்லி. உள்பலகையைப் பள்ளத்தில் ஒட்டக்கூடாது, இரு பக்கமும் 2 மில்லி இடைவெளி விடுங்கள். ஒட்டினால் பங்குனி வெயிலில் நடுவில் பிளக்கும். இடைவெளி விடாவிட்டால் ஆடியில் சட்டத்தை நெம்பும்.

குலசேகரம், அருமனைப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தில் கனம் உளுப்பைத் தடுக்காது. மருந்து ஏறியிருக்க வேண்டும். வெறுமனே மருந்தில் முக்கி எடுத்த பலகையை 3 மில்லி இழைத்தால் மருந்து ஏறிய தோலே போய்விடும். அழுத்தத்தில் மருந்தேற்றியதை, தேவைப்படும் கனத்துக்கு நெருக்கமாகவே வாங்குங்கள்.

கடையில் 18 என்று தருவது அளந்தால் 17-ம் இருக்கும், 16-ம் இருக்கும். பள்ளம் வெட்டுகிற வேலை இருந்தால் பலகை வந்து இறங்கி, வெர்னியர் அளவுகோலில் நாலு மூலையும் பார்த்தபிறகு வெட்டுங்கள்.