மடோபாரோடு ஆறு ஆண்டுகள்: தொடங்கலாமா என்று தயங்குவோருக்கு

பார்க்கின்சன் நோய் உறுதியானதும் மருத்துவர் மருந்தின் பெயரைச் சொல்வார், பலனையும் பக்கவிளைவையும் விளக்குவார். ஆனால் இன்றே தொடங்குவதா, சிறிது காலம் பொறுப்பதா என்ற முடிவைப் பெரும்பாலும் நம்மிடமே விட்டுவிடுவார். லெவோடோபாவும் பென்செராசைடும் சேர்ந்த மடோபார் மாத்திரையை நான் ஆறு ஆண்டுகளுக்கு மேலாக உட்கொண்டு வருகிறேன். பினாங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன்; வயது 58. இந்த வயதும் இந்த வேலையும் என் முடிவில் பெரும் பங்கு வகித்தன என்பதால் அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நோய் நடுக்கத்தில் தொடங்கவில்லை. வலது தோள் இறுகியது. அதைத் தோள்மூட்டுப் பிரச்சினை என்று கருதிப் பல மாதங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றேன். அதற்கும் முன்பே தாளிக்கும் கறிவேப்பிலையின் மணம் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. பிறகு கையெழுத்து சிறுத்தது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்துகள் முடிவில் எறும்பு வரிசையாகிவிடும். காசோலையில் இட்ட கையொப்பம் பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனேன்.

மூளையின் நடுப்பகுதியில், உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் அடிப்படை. டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், நுழைந்த பின் டோபமைனாக மாறும். அந்த மாற்றம் வழியிலேயே நிகழ்ந்து குமட்டலை உண்டாக்காதபடி தடுக்கவே பென்செராசைடு சேர்க்கப்படுகிறது. இது அறிகுறிகளைத் தணிக்கும் மருந்து. நோயின் போக்கை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை. நோயை நிறுத்தும் மருந்தாக இருந்தால் யோசிக்கவே இடமிருக்காது. அறிகுறியை மட்டும் தணிப்பது என்பதால்தான் "எப்போது" என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்வியின்மேல் ஓர் அச்சமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அத்தை, "இப்பவே மாத்திரையைப் போட்டுப் பழகிட்டா, பின்னால ரொம்ப முடியாமப் போறப்ப அது கேக்காதும்மா" என்றார். அவர் வெறும் வாய்ச்சொல்லாகப் பேசவில்லை. மாமாவுக்கு மாத்திரை சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்து, பின்னர் வேளைக்கு வேளை வலு இறங்கி, உடல் தானாக நெளியும் அசைவுகளும் வந்ததை அருகிலிருந்து பார்த்தவர். மருந்தைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் இந்த எண்ணம் உறவினரிடையே மட்டுமன்றி, ஒரு காலத்தில் மருத்துவர்களிடையேயும் பரவலாக இருந்ததுதான்.

என் எண்ணத்தை மாற்றியவை மருத்துவர் விளக்கிய இரண்டு ஆய்வுகள். மருந்து எளிதில் கிடைக்காததால் தாமதமாகவே லெவோடோபாவைத் தொடங்கிய கானா நாட்டு நோயாளிகளையும், முன்கூட்டியே தொடங்கிய இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்தின் வலு இறங்குவதும் நெளியும் அசைவுகளும் இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே கால அளவில்தான் வந்தன. காத்திருந்தவர்களுக்குக் காத்திருந்ததால் ஆதாயம் கிட்டவில்லை. 2019இல் நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த ஆய்வு, ஒரு பகுதியினருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபாவைக் கொடுத்தது. 80 வாரங்களின் முடிவில் இரு தரப்பினரின் அறிகுறிகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, முந்துவதால் நோய் குறைவதுமில்லை, பிந்துவதால் மருந்து மிஞ்சுவதுமில்லை. அன்றாட வேலை தடைப்படாதவரை பொறுத்திருப்பதில் தவறில்லை. தடைப்பட்ட பிறகும் பொறுப்பது வெறும் இழப்பு. கையொப்பமிடுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்த எல்லை முன்பே கடந்திருந்தது. நெளியும் அசைவுகளுக்கான வாய்ப்பு இளவயதினருக்கும் அதிக அளவு உட்கொள்வோருக்கும் கூடுதல் என்பது உண்மை. எனவே விவாதிக்க வேண்டியது தொடங்கும் நாளைப் பற்றி அல்ல, அளவைப் பற்றி.

பிரமிபெக்சால் போன்ற வேறு வகை மருந்தில் தொடங்கலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. அவ்வகை மருந்துகள் சிலரிடம் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, ஓயாத தீனி ஆகியவற்றில் கொண்டுபோய் விடக்கூடும் என்று கேட்டதும் வேண்டாம் என்றேன். பிறர் பணத்தைக் கணக்கு வைக்கும் ஒருத்தி நாலு நம்பர் லாட்டரிக் கடை வாசலில் நிற்கும் காட்சியை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து பூனைக்காலி விதைப்பொடி வாங்கி வந்தார். இதை நாட்டு மருந்து என்று ஒதுக்கிவிட முடியாது. அவ்விதையில் இருப்பதும் லெவோடோபாவேதான். சிக்கல் என்னவென்றால், எந்தப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும், மேலும் வழியில் அதைக் காக்கும் பென்செராசைடு அதில் கிடையாது. மாத்திரையோடு சேர்த்து உண்டால் மொத்த அளவு மருத்துவரின் கணக்கை மீறிவிடும். அண்ணன் மனம் நோகாமல் இதை விளக்குவதுதான் கடினமாக இருந்தது.

எனக்கு 200 மில்லிகிராம் லெவோடோபா கொண்ட மாத்திரையில் பாதி, நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கப்பட்டது. முதல் சில வாரங்கள் குமட்டல் இருந்தது, டோம்பெரிடோன் கொடுத்தார்கள். வாந்திக்கு வழக்கமாகத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு பார்க்கின்சன் அறிகுறிகளை மோசமாக்கும் என்பதால், அவசரத்துக்குப் போகும் கிளினிக்கிலும் இதை நாமே நினைவூட்டுவது நல்லது. பலன் ஒரே நாளில் தெரியவில்லை. இறுக்கமும் மந்தமும் வாரங்கள் செல்லச் செல்லத் தளர்ந்தன, கையெழுத்து விரிந்தது, வங்கியிலிருந்து காசோலைகள் திரும்புவது நின்றது. பின்னர் வந்த விரல் நடுக்கம் பாதிதான் அடங்கியது. மணம் திரும்பவேயில்லை, மலச்சிக்கலும் அப்படியே. எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித் தொடங்குபவர்கள் இந்த இரண்டையும் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும்.

இம்மருந்துக்குத் தர வேண்டிய விலை பணமல்ல. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைக் காண 5 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதிலேயே அடக்கம். உண்மையான விலை நேரமும் சாப்பாடும். குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபா புரதத்தோடு போட்டியிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டியிருப்பதால், உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்போ ஒரு மணி நேரத்துக்குப் பின்போ உட்கொள்ளச் சொல்கிறார்கள். புரதம் என்றால் இறைச்சியும் முட்டையும் மட்டும் என்று நினைப்பவர்கள் நம் சமையலறையை மறந்துவிடுகிறார்கள். இட்லியில் உளுந்து, ரொட்டி சானாய்க்குப் பருப்புக் கறி, சோற்றுக்குத் தயிர், தே தாரிக்கில் பால். நான் பகலில் சோற்றோடு காய்கறி, ரசம் என்று நிறுத்திக்கொண்டு, பருப்பையும் மீனையும் இரவுக்குத் தள்ளியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் பந்தி எப்போது தொடங்கும் என்று விசாரிக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இரும்புச்சத்து மாத்திரையும் இதன் உறிஞ்சலைக் குறைக்கும். அதற்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் ஒரு வேளை சற்றுத் தாமதமானாலும் உடல் பொறுத்துக்கொண்டது. ஐந்தாம் ஆண்டு வாக்கில் அது மாறியது. அடுத்த மாத்திரைக்கு முன்பே கால் கனக்கிறது, விடியற்காலையில் பாதவிரல்கள் மடங்கி வலிக்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை இப்போதும் ஏறுகிறேன், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து. அத்தை சொன்னது நடந்தேவிட்டதே என்று கேட்கலாம். நடந்தது, ஆனால் தாமதித்திருந்தாலும் அது நடந்திருக்கும், இடையில் வேலையை மட்டும் இழந்திருப்பேன்.

மாத்திரை தீர்ந்துபோய்த் திடீரென்று நிறுத்த நேர்வது ஆபத்து. கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே உலை வைக்கும் நிலை சிலருக்கு ஏற்படலாம். வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் வேளை தவறாமல் கொடுக்கும்படி வலியுறுத்த வேண்டும். நான் என் மருந்து நேரங்களை மலாயிலும் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அடுத்த சந்திப்பில் என்டகபோன் சேர்ப்பதைப் பற்றிப் பேச இருக்கிறோம். அது லெவோடோபா இரத்தத்தில் சிதைவதைத் தாமதப்படுத்தி ஒவ்வொரு வேளையின் பலனையும் நீட்டிக்கும். சிறுநீரின் நிறம் மாறும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும், நெளியும் அசைவும் கூடலாம். புதிய மருந்துக்கு முன், மொத்த அளவை உயர்த்தாமல் இருப்பதையே சிறு சிறு வேளைகளாகப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்க எண்ணியிருக்கிறேன். அலுவலகத்தில் இன்னொரு முறை கடிகாரம் ஒலிக்கும். அதற்குச் சக ஊழியர்கள் பழகிவிட்டார்கள்.