வளைவில் பெட்ரோல் அறாமல் இருக்க: சர்ஜ் டேங்குடன் சில ஆண்டுகள்

இருங்காட்டுக்கோட்டையின் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் நேர்ப்பாதை முடிந்ததும் வருகிற சி1, வேகம் குறையாமல் வலப்பக்கம் திரும்ப வேண்டிய வளைவு. டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு இப்படிப்பட்ட வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், இன்ஜின் ஒரு கணம் அடங்கி, உதறி, பிறகு இழுக்கத் தொடங்கும். பட்டறையில் இதைச் சொன்னால் "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்று பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றுவதுதான் வழக்கம். ஆனால் டேங்கை நிரப்பினால் காணாமல் போகிற மிஸ்ஸிங் மின்சாரக் கோளாறாக இருக்க முடியாது. அது பெட்ரோல் வரத்து அறுவதால் வருவது. அதைத் தீர்க்க என் டிராக் காரில் பொருத்திய சர்ஜ் டேங்க் (மெயின் டேங்குக்கும் இன்ஜினுக்கும் இடையே எப்போதும் நிரம்பி நிற்கும் சிறு பெட்ரோல் பாத்திரம்) அமைப்பு சில சீசன்களாக எப்படி உழைத்து வருகிறது என்பதை இங்கே பகிர்கிறேன்.

வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல் செடான்; முன்சக்கர இயக்கம், சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன், நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். டிராக்குக்கு மட்டுமே பயன்படுகிறது. சாலையில் ஓட்டாமல் லாரியில்தான் ஏற்றிச் செல்கிறேன். டேங்க் பின்சீட்டுக்கு அடியில் அகலமாகவும் உயரம் குறைவாகவும் அமைந்தது. பம்ப் அதற்குள்ளேயே ஒரு சிறு பிளாஸ்டிக் வாளியில் நிற்கிறது. அந்த வாளியில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும்படிதான் தயாரிப்பாளர்கள் வடிவமைக்கிறார்கள், சாலையில் ஓடும் வண்டிக்கு அது தாராளமாகப் போதும். கடினமான சஸ்பென்ஷனும் பிடிப்பு மிகுந்த செமி ஸ்லிக் டயர்களும் சேர்ந்த பிறகுதான் அந்தக் கணக்கு மாறுகிறது.

நல்ல டயருடன் ஒரு வளைவில் பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்கு இணையான அளவுக்கு எழுந்தால், டேங்கிலுள்ள பெட்ரோலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும், 0.8 ஜி என்றாலும் சாய்வு 39 பாகையை நெருங்கும். தாம்பாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிச் சாய்த்தால் என்ன ஆகுமோ அதுதான் தட்டையான டேங்கிலும் நடக்கிறது. வலப்பக்க வளைவில் பெட்ரோல் முழுவதும் இடச்சுவரில் ஏறி ஒதுங்குகிறது, நடுவில் நிற்கும் வாளி தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டுக் காற்றை உறிஞ்சத் தொடங்குகிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக் கடிகாரச் சுற்றில் ஓடுவது. எனவே வலப்பக்க வளைவுகளே அதிகம். கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதே வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவாகவே இருந்தது. அங்கே வளைவுகள் குறுகியவை. வாளி காலியாவதற்குள் அடுத்த திருப்பம் பெட்ரோலை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. விசையின் அளவைவிட அது எத்தனை விநாடி நீடிக்கிறது என்பதே முக்கியம் என்று அங்கேதான் எனக்குத் தெளிவானது.

உதறல் வளைவின் நடுவில் வராமல் வெளியேறும்போது வருவதற்கும் காரணம் இருக்கிறது. பம்ப் காற்றை இழுத்த கணத்திலேயே ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) பெட்ரோல் தீர்ந்துவிடுவதில்லை. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டர் பாதிதான் திறந்திருப்பதால் இன்ஜின் கேட்பதும் குறைவு. முழுதாக மிதிக்கும்போதுதான் குறை வெளியே தெரிகிறது. இதைச் சிறு தொந்தரவு என்று சமாளித்து ஓட்டுபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வழியே செல்லும் பெட்ரோலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் அழுத்தம் 1.5 பாராகச் சரிந்தால் பெட்ரோல் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். முழு லோடில் பெட்ரோல் சற்று மிகுதியாக இருக்க வேண்டிய கலவை அந்தக் கணத்தில் மிகவும் மெலிந்துவிடுகிறது. கலவை முறைதவறி வெடித்து இன்ஜின் நாக்கிங் அடிக்க, பிஸ்டனும் வால்வும் அடிவாங்கும் நிலை அதுதான். காதுக்கு எட்டுகிற உதறல் வருவதற்கு முன்பே இந்த மெலிவு நடந்துகொண்டிருக்கக்கூடும். ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் வைத்துப் பதிவு செய்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். என் வண்டியில் வளைவு முடியும் இடத்தில் கோடு ஒரு பள்ளமாக விழுந்து எழுவதைப் பார்த்த பிறகு, பழைய அமைப்புடன் ஓட்ட மனம் வரவில்லை.

டேங்கை எப்போதும் பாதிக்கு மேல் வைத்துக்கொள்வதே மலிவான வழி. ஆனால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 15 கிலோ எடை, அதை எரிக்கவே முடியாத சுமையாகச் சுமக்க வேண்டும். டேங்கினுள் ஸ்பாஞ்ச் நிரப்புவது அலைச்சலைத் தணிக்குமே தவிர, நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் போய்ச் சேர்வதைத் தடுக்காது; சில ஆண்டுகளில் ஸ்பாஞ்ச் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கவும் செய்யும். ஹாலி நிறுவனத்தின் ஹைட்ராமேட் என்பது, டேங்கின் தரையில் விரித்துப் பெட்ரோலை உறிஞ்ச வைக்கும் பாய் போன்ற பிக்கப். பாயின் எந்த மூலையில் பெட்ரோல் இருந்தாலும் அங்கிருந்து உறிஞ்சும். கருத்தளவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் என் டேங்கின் வாய் அதை உள்ளே நுழைத்துச் சரியாக விரிக்க இடம் தரவில்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் எஃப்டி3 தரச்சான்று பெற்ற ரப்பர் பை டேங்க் பந்தயக் கார்களுக்கு உரியது. பாதுகாப்பில் அதற்கு இணை இல்லை. ஆனால் சான்றின் ஆயுள் 5 ஆண்டுதான், மறுபரிசோதனை செய்து 2 ஆண்டு நீட்டிக்கலாம். பயிற்சி நாட்களுக்கு ஓடும் ஒரு வண்டிக்கு அந்தச் செலவு பொருந்தாது.

எனவே 1.5 லிட்டர் அலுமினிய சர்ஜ் டேங்க் ஒன்றை டிக்கியில் வைத்தேன். கம்பெனி பம்ப் இப்போது லிஃப்ட் பம்ப் வேலை செய்கிறது. அதனுடன் இருந்த, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டதால் அது அழுத்தமின்றி, அதிக அளவில் பெட்ரோலைச் சர்ஜ் டேங்குக்கு ஏற்றுகிறது. சர்ஜ் டேங்கின் அடியிலிருந்து இரண்டாவது பம்ப் எடுத்து 3 பாரில் ரெயிலுக்கு அனுப்புகிறது. மிஞ்சுவதும், லிஃப்ட் பம்ப் இழுத்து வந்த காற்றும், சர்ஜ் டேங்கின் உச்சியிலுள்ள குழாய் வழியாக மெயின் டேங்கின் வாளிக்கே திரும்புகின்றன. இந்தத் திரும்பும் குழாய் எவ்விதத் தடையுமின்றி அகலமாக இருக்க வேண்டும். அது ஒடுங்கினால் சர்ஜ் டேங்கினுள் அழுத்தம் ஏறிக் காற்று வெளியேறாமல் தங்கிவிடும், அதன்பிறகு அந்த டேங்க் இருந்தும் பயனில்லை.

அளவு குறித்துப் பலரும் கேட்கிறார்கள். நூறு குதிரைத்திறன் இன்ஜின் முழு லோடில் மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் எரிக்கும். அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர். ஆறு விநாடி நீடிக்கும் வளைவுக்குத் தேவை 50 மில்லி மட்டுமே. ஆகவே 3 லிட்டர், 5 லிட்டர் என்று பெரிய பாத்திரம் வைப்பதால் கிடைப்பது எடையும் டிக்கியில் கூடுதல் பெட்ரோலும்தான். பாத்திரத்தின் அளவைவிட, வளைவுகளுக்கிடையே லிஃப்ட் பம்ப் அதை எவ்வளவு விரைவாக மீண்டும் நிரப்புகிறது என்பதில் கவனம் செலுத்துவது நல்லது.

பலன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. டேங்கில் கால்பங்குக்குக் கீழே இருக்கும்போதும் சி1 முழுவதும் பிரஷர் கோடு அசையாமல் நேராக ஓடுகிறது. இப்போது குறைந்த பெட்ரோலுடன் ஓடத் தொடங்கலாம், வண்டியின் பின்பாரம் லேப்புக்கு லேப் மாறுவதும் குறைந்திருக்கிறது.

நீண்டகாலப் பயன்பாட்டில் மட்டுமே தெரியவந்த சில விஷயங்கள் உள்ளன. முதலாவது சூடு. தொடக்கத்தில் இரண்டாவது பம்புக்கான ரெகுலேட்டர் இன்ஜினுக்கு அருகில் இருந்தது. ரெயிலில் மிஞ்சிய பெட்ரோல் இன்ஜின் சூட்டை ஏந்திக்கொண்டு நேரே சர்ஜ் டேங்குக்குத் திரும்பும். சென்னை மதியத்தில் தொடர்ந்து ஓடிவிட்டு வந்தால் அலுமினியப் பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைக்க முடியாது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய இந்தச் சூடும் ஏறும். இந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகத் தொடங்கினால் பம்ப் மறுபடி காற்றையே இழுக்கும். ரெகுலேட்டரைப் பின்னால் கொண்டுவந்து சர்ஜ் டேங்கின் பக்கத்திலேயே பொருத்தியதும், மிஞ்சும் பெட்ரோல் இன்ஜின் பக்கமே போகாமல் அங்கேயே திரும்பிவிடுகிறது. இப்போது அதே மதியத்தில் பாத்திரம் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. புதிதாக அமைப்பவர்கள் முதலிலேயே இப்படிச் செய்வது நல்லது.

இரண்டாவது குழாய்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். சாதாரண ரப்பர் குழாய் ஒன்றைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது மேற்புறம் கெட்டித்து, வளைவின் முதுகில் மயிரிழை விரிசல்கள் வரிசையாகத் திறந்தன. உட்புறமோ ஊறித் தளர்ந்திருந்தது. அதன்பிறகு எல்லாவற்றையும் டெஃப்லான் உள்ளுறை கொண்ட குழாய்களாக மாற்றினேன், அவை இன்றுவரை கெடவில்லை. டேங்கினுள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு, உள்ளும் புறமும் பெட்ரோலைத் தாங்கும் குழாயே வேண்டும். வெளியில் போடுகிற குழாயை அங்கே போட்டால் அது புறத்திலிருந்து ஊறி உதிரும்.

மூன்றாவது, இந்த அமைப்பின் உண்மையான பலவீனம், லிஃப்ட் பம்ப். வளைவில் காற்றை இழுக்கும் வேலை இப்போது அதற்குத்தான். பம்பைக் குளிர்விப்பதும் மசகாக இருப்பதும் பெட்ரோல் என்பதால், காற்றை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது சற்றுத் தேய்கிறது. ஆகவே அதை ஆயில் ஃபில்டரைப் போல அவ்வப்போது மாற்றும் பொருளாகவே கருத வேண்டும். அது செத்துவிட்டாலும் உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். சர்ஜ் டேங்கில் இருக்கும் 1.5 லிட்டரில் வண்டி ஒரு லேப்புக்கு மேல் இயல்பாக ஓடி, பிறகு முழு வேகத்தில் ஒரேயடியாக அடங்கும். இதற்காக லிஃப்ட் குழாயில் ஒரு குறை அழுத்த ஸ்விட்ச் வைத்து டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு கொடுத்திருக்கிறேன். நீண்ட வளைவில் அது மினுக்கி அணைவது இயல்பு; நேர்ப்பாதையிலும் அணையாமல் எரிந்தால் பிட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பாதுகாப்பில் சலுகையே கூடாது. டிக்கியிலுள்ள பாத்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையே முழுமையான உலோகத் தடுப்புச்சுவர் இருக்க வேண்டும், பின்சீட்டின் அட்டைப் பலகை போதாது. இரண்டு பம்புகளுக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும் கொடுத்து, இன்ஜின் நின்றால் இரண்டும் நிற்கும்படி இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவின் கட்டளையிலேயே வைத்திருக்கிறேன். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்சும் அதே வரிசையில் இருக்கிறது. திருகுப்பட்டைக் கிளாம்ப் குழாயை வெட்டும் என்பதால் இன்ஜெக்‌ஷனுக்கென்று வரும் வழவழப்பான கிளாம்புகளையே பயன்படுத்துகிறேன். டிக்கியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வரை அன்று வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை.