பில் போடும் வரை விலை தெரியாத கடைகள்: கூப்பன், பாயின்ட், தள்ளுபடியோடு பல வருட அனுபவம்

துணி, செருப்பு, படுக்கை விரிப்பு, பாத்திரம் என்று மாடி மாடியாக எல்லாம் விற்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் பல வருடங்களாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். மெம்பர் கார்டு, ஆப், மெயிலில் வரும் கூப்பன், பில்லோடு சேர்த்துக் கொடுக்கும் 'அடுத்த முறை கழிவு' சீட்டு என்று அவர்கள் நீட்டும் எல்லாவற்றையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி கிடைப்பது உண்மைதான். ஆனால் அதைப் பெறுவதற்காக வாங்குகிறவர் தலையில் ஏற்றப்படும் வேலை ரொம்ப அதிகம். அதைவிடப் பெரிய குறை, கையில் எடுத்த பொருளுக்கு நாம் எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பது கவுண்டரில் பில் வரும் வரை நமக்குத் தெரிவதே இல்லை.

கூப்பனிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூப்பனில் தள்ளுபடி சதவீதம் உள்ளங்கை அளவுக்கு அச்சாகியிருக்கும், எந்தெந்தப் பொருளுக்குச் செல்லாது என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். பெயர் பெற்ற விளையாட்டுச் செருப்புகள், வாசனைத் திரவியம், மேக்கப் சாமான், ஏற்கெனவே விலை குறைத்த சரக்கு, கடைக்குள்ளேயே வாடகைக்கு இடம் பிடித்து விற்கும் தனி பிராண்டுகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதில் கடையை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதும் தெரியும், தங்கள் பெயருக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் 'எங்கள் பொருளைக் கூப்பனில் சேர்க்காதே' என்று கடையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுண்டு. சரி, அது அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. அந்தப் பொருள் இருக்கும் அலமாரியிலேயே 'இதற்குக் கூப்பன் செல்லாது' என்று ஒரு அட்டை வைக்க என்ன தடை? வைப்பதில்லை. நாம் எடுத்து, போட்டுப் பார்த்து, பிடித்துப்போய், வரிசையில் நின்று, பார்கோடை ஸ்கேன் செய்த பிறகுதான் தெரிகிறது. பின்னால் நாலு பேர் நிற்கும்போது யாருக்கும் 'அப்படியென்றால் வேண்டாம்' என்று சொல்ல மனசு வராது. எனக்கும் வந்ததில்லை. கூப்பன் இல்லாமலே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கவுண்டரில் நிற்கும் பணியாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த விதிகள் எதையும் அவர்கள் போடவில்லை, மாற்றும் அதிகாரமும் பெரும்பாலும் அவர்களுக்கு இல்லை. மேலிடத்தில் யாரோ எழுதிய நிபந்தனைக்கு நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவர்கள்தான். கோபம் வந்தால் கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள், தயவுசெய்து கவுண்டரில் காட்டாதீர்கள்.

அடுத்தது கணக்கு. '30 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 20 சதவீதம்' என்று போர்டு பார்த்தால் மனசு தானாக 50 என்று கூட்டிவிடும். 100 என்று விலை போட்ட பொருள் முதலில் 70 ஆகும், அந்த 70-இல் 20 சதவீதம் போனால் 56. ஆக மொத்தத் தள்ளுபடி 44. நிலையான தொகைக் கூப்பனும் சதவீதக் கூப்பனும் சேர்ந்து வந்தால் எதை முதலில் கழிக்கிறார்கள் என்பதும் முக்கியம். 100-இல் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டு 10-ஐக் கழித்தால் 70, பத்தை முதலில் கழித்துவிட்டு சதவீதம் போட்டால் 72. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அந்த வரிசையைத் தீர்மானிப்பது கடையின் மென்பொருள், அது எந்த வரிசை என்பதை எங்கேயும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. பில்லைப் பார்த்து நாமே பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

'50-க்கு வாங்கினால் 10 திரும்ப' என்ற சீட்டு இதைவிட மோசமாகக் கணக்கைக் குழப்புகிறது. பார்த்தால் 20 சதவீதம் போலத் தோன்றும். அடுத்த முறை போய் 50-க்கு வாங்கி அந்தச் சீட்டைக் கொடுத்தால், இரண்டு தடவையும் சேர்த்து 100 மதிப்புள்ள பொருளுக்கு 90 கொடுத்திருப்பீர்கள், அதாவது 10 சதவீதம். மிகக் கவனமாகச் சரியாக 10-க்கு மட்டும் ஏதாவது வாங்கினால்கூட, 60 மதிப்புக்கு 50 கொடுத்த கணக்கு, 17 சதவீதத்தைத் தொடாது. 20 எந்த வழியிலும் வராது. பல இடங்களில் அந்த 50 என்பது மற்ற எல்லாத் தள்ளுபடியும் போன பிறகு மிஞ்சும் தொகை, 49-இல் நின்றால் சீட்டு கிடையாது. அந்த ஒன்றுக்காக ஒரு ஜோடி காலுறையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது, என்னைச் சுற்றி வரிசையில் நிற்பவர்களிடமும் பார்த்திருக்கிறேன். கவுண்டருக்குப் பக்கத்தில் அந்த மாதிரிச் சின்னச் சாமான்களைத்தான் அடுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

சீட்டு கிடைத்துவிட்டாலும் அதைப் பயன்படுத்த ஒரு தேதி உண்டு. வாங்கிய அன்றே செல்லாது, அடுத்த வாரம் ஒரு நாளில் ஆரம்பித்துச் சில நாட்களில் முடிந்துவிடும். அந்த நாட்களில் நமக்கு வாங்க எதுவும் இல்லையென்றால் சீட்டு வெறும் காகிதம். பாயின்ட்டும் அப்படியே. இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. நம் பாயின்ட் கடையின் கணக்குப் புத்தகத்தில் கடனாக நிற்கும், ஏனென்றால் நாம் ஏற்கெனவே கொடுத்த பணத்தின் ஒரு பகுதிக்குப் பொருள் இன்னும் தரப்படவில்லை. எத்தனை பாயின்ட் கடைசிவரை யாரும் கேட்காமலே போகும் என்று கடை முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்தப் பங்கை வருமானமாகக் காட்ட கணக்கு விதிகளே இடம் தருகின்றன. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரத்தில் இதற்கான வழிமுறை இருக்கிறது, துறையில் இதை 'பிரேக்கேஜ்' என்கிறார்கள். நாம் மறப்பதும் தவறவிடுவதும் ஒரு எதிர்பார்க்கப்பட்ட வரவு என்று தெரிந்த பிறகு, காலாவதி தேதியை ஏன் பில்லின் அடியில் மங்கலாக அச்சடிக்கிறார்கள் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆப்பில் ஒரு கோடு வரும், 'அடுத்த பரிசுக்கு இன்னும் கொஞ்சம்தான்' என்று முக்கால்வாசி நிறம் அடித்திருக்கும். இதன் வலிமையைக் குறைத்து எடை போடாதீர்கள். 2006-இல் நூனெஸ், ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கார் கழுவும் இடத்தில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு கழுவல் இலவசம் என்ற கார்டு, மீதிப் பேருக்கு 10 முத்திரை தேவைப்படும் கார்டு, ஆனால் அதில் 2 முத்திரை ஏற்கெனவே குத்தியிருக்கும். இரண்டிலும் சேர்க்க வேண்டியது எட்டுதான். முதல் வகையில் கார்டை நிரப்பியவர்கள் 19 சதவீதம், இரண்டாவதில் 34 சதவீதம். ஆப்பில் சேர்ந்தவுடன் 'வரவேற்புப் பாயின்ட்' கொடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் எரிச்சல் வருவது பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான். 100-க்கு வாங்கினால் 20 கழிவு என்ற கூப்பனில் மொத்தம் 100-க்கு மூன்று பொருள் வாங்கி, அதில் 30 விலையுள்ள ஒன்று அளவு சரியில்லை என்று எடுத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமாகப் பார்த்தால் கழிவைப் பங்கிட்டு 24 திரும்ப வர வேண்டும். சில கடைகளில் அப்படித்தான் வருகிறது. வேறு சில கடைகளில் 'மிச்சமிருக்கும் பொருள் 70-க்குத்தான் வருகிறது, கூப்பனுக்குத் தகுதி போய்விட்டது' என்று முழுக் கணக்கையும் திருப்பிப் போட்டு, நீங்கள் கொடுத்த 80-இல் 70-ஐப் பிடித்துக்கொண்டு 10 மட்டும் கொடுப்பார்கள். போதாததற்கு அந்தப் பில்லுக்குக் கிடைத்த பாயின்ட்டையும் கழித்துவிடுவார்கள், கூப்பனோ திரும்ப வராது. ஒரு கடையில் நான் இதைப் பற்றி விளக்கம் கேட்டபோது, அங்கிருந்த இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள், கடைசியில் கம்ப்யூட்டர் சொன்னதே தீர்ப்பாயிற்று. எழுதிக் கேட்டதற்கு நிபந்தனைகளின் லிங்க்கை அனுப்பினார்கள், அதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இப்போது அடித்து எழுதிய பழைய விலைக்கு வருவோம். எப்போதுமே தள்ளுபடியில் இருக்கும் ஒரு பொருளுக்கு 'உண்மையான விலை' என்று ஒன்று மேலே அடித்துப் போட்டிருந்தால், அந்த விலைக்கு யார், எப்போது வாங்கினார்கள்? நான் அடிக்கடி வாங்கும் ஒரு வகைத் துண்டை அந்தப் பழைய விலைக்கு விற்று ஒருபோதும் பார்த்ததில்லை. இது என் ஒருவருடைய சந்தேகம் மட்டும் இல்லை. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர அரசு வழக்கறிஞர், ஜேசி பென்னி, சியர்ஸ், மேசிஸ், கோல்ஸ் என்ற நான்கு பெரிய கடைகள்மேல் பொய்யான பழைய விலை காட்டுவதாகக் குற்றம்சாட்டி வழக்குப் போட்டார். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு விதியே கொண்டுவந்தது. விலைக் குறைப்பு அறிவித்தால், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும், 2022 மே 28 முதல் நடைமுறை. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆல்டி என்ற சூப்பர்மார்க்கெட் பற்றிய வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: அந்தக் குறைந்த விலையை ஓரமாக எழுதினால் போதாது, தள்ளுபடிச் சதவீதத்தையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். என் பார்வையில் இந்தத் துறையில் வந்த விதிகளில் வாங்குபவருக்கு நேரடியாக உதவும் விதி இதுதான், எல்லா நாட்டிலும் வர வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும், 'மக்களுக்குத்தானே கூப்பன் பிடிக்கிறது, ஜேசி பென்னி அதை நீக்கிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டதே' என்று. நடந்தது உண்மை. ஆப்பிள் கடைகளை வளர்த்த ரான் ஜான்சன் தலைமைக்கு வந்து, 2012 பிப்ரவரியில் கூப்பனையும் ஓயாத சேல்களையும் விலக்கி எளிமையான விலை என்று அறிவித்தார். அந்த ஒரு நிதியாண்டில் விற்பனை சுமார் கால் பங்கு சரிந்தது, 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார், கூப்பன் திரும்ப வந்தது. ஆனால் இதை வைத்து 'மக்கள் ஏமாறவே விரும்புகிறார்கள்' என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். சுற்றி இருக்கிற எல்லாக் கடையும் 80-ஐ அடித்து 40 என்று எழுதும் இடத்தில், ஒருவர் மட்டும் நேராக 40 என்று எழுதினால் அந்தப் பொருள் பாதித் தரமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு கடை தனியாக நேர்மையாக இருப்பது கஷ்டம் என்றுதான் அது காட்டுகிறது, அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் போன் மார்ஷே கடையை வளர்த்த அரிஸ்டைட் பூசிகோ, பேரம் கிடையாது, சீட்டில் எழுதிய விலை எல்லோருக்கும் ஒன்று என்று வைத்தார். பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை என்ற நிலை போனதுதான் இந்த வகைக் கடைகளின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. கூப்பனும் ஆப்பும் அந்தப் பழைய நிலையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டன. ஒரே சட்டைக்கு, நேரமும் போனும் பொறுமையும் இருப்பவர் ஒரு விலை கொடுக்கிறார், முன்னால் நிற்கும் வயதானவர் 'ஆப் இல்லையா? அப்படியென்றால் முழு விலை' என்று கவுண்டரில் சொல்வதைக் கேட்டுவிட்டு அதிகம் கொடுத்துப் போகிறார். பார்த்துக்கொண்டு நிற்பதே வேதனையாக இருக்கும். என் ஆப்பைக் காட்டி அவருக்குக் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சில கடைகளில் விட்டார்கள், சில இடத்தில் 'ஒரு கணக்குக்கு ஒரு தடவைதான்' என்றார்கள்.

நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. மெம்பர் கணக்கில் பில் எல்லாம் பதிவாகி இருப்பதால் காகிதம் தொலைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய நிம்மதி. வாங்கிய சில நாட்களுக்குள் விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பித் தரும் கடைகளும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். மெத்தை, பெட்டி, குளிர்கால உடை போல எப்படியும் வாங்கியே ஆக வேண்டிய பெரிய பொருளுக்குக் காத்திருந்து கூப்பன் போட்டதில் உண்மையாகவே மிச்சம் பார்த்திருக்கிறேன். கடையின் சொந்தக் கிரெடிட் கார்டை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், முதல் நாள் தள்ளுபடி நன்றாக இருக்கும், பாக்கி நின்றுகொண்டே போனால் வட்டி அதைத் தின்றுவிடும்.

இப்போது நான் செய்வது என்னவென்றால், அடித்த விலையைப் பார்ப்பதே இல்லை, கடைசியாகக் கட்ட வேண்டிய தொகைக்கு இந்தப் பொருள் தகுமா என்று மட்டும் பார்க்கிறேன். விலை சரிபார்க்கும் ஸ்கேனர் கடைக்குள் இருந்தால் கவுண்டருக்குப் போகும் முன்பே அங்கே ஸ்கேன் செய்துவிடுவேன். திருப்ப வேண்டி வரலாம் என்று தோன்றும் பொருளுக்குத் தனி பில் போடச் சொல்வேன், கூப்பன் தகுதிச் சண்டையே வராது. பெரும்பாலான கடைகளின் ஆப்பை எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், அங்கே பாயின்ட்டுக்குக் காலாவதி இல்லை, சீட்டு எதுவும் இல்லாமல் பில்லிலேயே கழிந்துவிடுகிறது. அந்த விதியை அவர்கள் மாற்றும் நாளில் அதையும் எடுத்துவிடுவேன்.