மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு இடி மின்னல் காப்பு: கழற்றி வைப்பதா, வாயுக் குழாயா, கால் அலை ஸ்டப்பா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய பெருமழையின்போது பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒன்றாகப் போயின. கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் கிராமம் ஒன்றில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமத்துடன் இயங்கிவரும் நான், அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு, வீட்டிலுள்ள வி.எச்.எஃப். (மிக உயர் அலைவரிசை) ரேடியோவைப் பேட்டரியில் எப்போதும் இயங்கும் நிலையில் வைப்பதென்று முடிவெடுத்தேன். மொட்டை மாடியில் 6 மீட்டர் ஜி.ஐ. குழாயின் உச்சியில் நிற்கும் செங்குத்து ஆன்டெனாதான் எங்கள் தெருவில் எல்லாவற்றையும்விட உயரமானது. சுற்றிலும் பருத்திக் காடும் உளுந்துக் காடுமாக இருக்கும் சமவெளியில் அப்படி ஒன்றை நட்டு, அதிலிருந்து ஒரு கேபிளைப் படுக்கையறைக்குள் கொண்டுவருபவர் மின்னலைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அவற்றில் இரண்டை நானே பயன்படுத்தி, ஒன்றில் நஷ்டப்பட்டு, கடைசியில் மூன்றாவதற்கு வந்து சேர்ந்தேன்.

முதல் வழி, வானம் கறுத்தவுடன் கேபிளைக் கழற்றி வெளியே போடுவது. செலவில்லாத இந்த வழியைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள், நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆள் வீட்டில் இருந்து, இடி தொடங்குவதற்கு முன்பே கழற்றி, கேபிள் முனையை அறைக்கு வெளியே எர்த்துடன் இணைத்துவிட்டால் இதைவிட நல்ல காப்பு கிடையாது. ஆனால் சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு எழும் இடிமேகம் நாம் வேலைக்குப் போயிருக்கிறோமா என்று பார்த்து வருவதில்லை. இடி முழங்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போவது உயிரோடு விளையாடுவது. கழற்றிய முனையை மேசை மேல் அப்படியே போட்டு வைப்பதோ, பழைய வழக்கப்படி கண்ணாடி பாட்டிலுக்குள் செருகி வைப்பதோ எந்தக் காப்பும் தராது, ஏனென்றால் மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்சாரத்துக்கு ஒரு பாட்டில் தடையாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்தில் தேவைப்படும் என்பதற்காகவே வைத்திருக்கும் ரேடியோவை மழைக்காலம் முழுவதும் கழற்றி வைப்பது அதன் நோக்கத்துக்கே எதிரானது. ஆகவே எனக்கு இந்த வழி ஒத்துவரவில்லை.

இரண்டாவது, வாயுக் குழாய் அரெஸ்டர், அதாவது மின்னலை எர்த்துக்குத் திருப்பும் காப்புக் கருவி. பீங்கான் உறைக்குள் மந்த வாயுவை நிரப்பி இரு மின்முனைகளைச் சிறு இடைவெளியில் எதிரெதிராக வைத்த சிறு குப்பிதான் இதன் உயிர். கேபிளின் நடுக்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் அது உட்கார்ந்திருக்கும், சாதாரண நேரத்தில் இருப்பதே தெரியாது. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வாயு மின்கடத்தியாகி, வரும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும். மின்தேக்கத் திறன் ஓரிரண்டு பிக்கோஃபாரட் மட்டுமே, ரேடியோ அலையைப் பாதிக்காத அளவுக்குச் சிறியது என்பதால், வி.எச்.எஃப்.-க்குக் கீழுள்ள எச்.எஃப். முதல் அதற்கு மேலுள்ள யு.எச்.எஃப். வரை எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே அரெஸ்டர் போதும். இது அதன் பெரிய பலம், இதை மறுக்க முடியாது.

குப்பியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஒரு கணக்கு உண்டு. 100 வாட் ரேடியோ, 50 ஓம் கேபிளில் உச்சமாக 100 வோல்ட் தரும். ஆன்டெனா சரியாகப் பொருந்தாமல் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையைக் காட்டும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 3 வரை போனால் அதே 100 வாட் கேபிளின் சில இடங்களில் 170 வோல்ட்டைத் தாண்டும். 90 வோல்ட் குப்பி நாம் பேசும்போதே பற்றிக்கொள்ளும். 230 வோல்ட் குப்பியும், 20 விழுக்காடு ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டால், விளிம்பில்தான் நிற்கும். 350 வோல்ட் குப்பியே நிம்மதி. ஆனால் 350 என்பது மெதுவாக ஏறும் மின்னழுத்தத்துக்கான அளவு. மைக்ரோ நொடியில் பாயும் மின்னல் அலைக்கு அதே குப்பி இன்னும் பல நூறு வோல்ட் ஏறிய பிறகே திறக்கும், அதற்குள் வரும் பங்கு ரேடியோவுக்குள் போய்விடும்.

மூன்றாவது, நான் இப்போது வைத்திருக்கும் கால் அலை ஸ்டப். இதில் வாயுவும் குப்பியும் இல்லை. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு டி கனெக்டரை (மூன்று வாய் உள்ள இணைப்பான்) போட்டு, அதன் மூன்றாவது வாயில் ஒரு துண்டு கோஆக்ஸ் கேபிளை (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள ஆன்டெனா கேபிள்) மாட்டி, அதன் மறுமுனையில் நடுக்கம்பியையும் மேல் உறையையும் சேர்த்துப் பற்றவைத்து ஷார்ட் செய்துவிட வேண்டும். துண்டின் நீளம் அலைநீளத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தால், அந்த அலைவரிசைக்கு அந்த ஷார்ட் டி கனெக்டரில் திறந்த வாயாகத் தோன்றும், அதாவது ரேடியோ அலைக்கு ஸ்டப் இருப்பதே தெரியாது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 52 சென்டிமீட்டர் அளவில் வரும். ஆர்.ஜி.213 கேபிளுக்குள் அலை 0.66 மடங்கு வேகத்தில்தான் செல்லும் என்பதால், டி கனெக்டரின் உள்நீளத்தையும் சேர்த்து 34 சென்டிமீட்டர் போதும். சற்று நீளமாக வெட்டி, ஆன்டெனாவும் கேபிளும் எந்த அலைவரிசைக்குப் பொருந்துகின்றன என்று காட்டும் ஆன்டெனா அனலைசரில் பார்த்துக்கொண்டே அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராகக் குறைத்தேன்.

மின்னலின் ஆற்றலில் பெரும்பங்கு சில மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கிறது. அந்த இடத்தில் இந்த 34 சென்டிமீட்டர் துண்டு வெறும் ஷார்ட்தான். அதன் தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) 0.09 மைக்ரோஹென்ரி அளவு, 1 மெகாஹெர்ட்ஸில் எதிர்ப்பு ஏறத்தாழ அரை ஓம். பற்றிக்கொள்ளும்வரை காத்திருக்கும் வேலையே இல்லை, நடுக்கம்பி இரவும் பகலும் எர்த்தோடு சேர்ந்தே கிடக்கிறது. கோடைக் காற்றில் ஆன்டெனாவில் சேரும் நிலைமின்னும் அவ்வப்போதே வடிந்துவிடுகிறது. நமக்கு வாய்த்த இன்னொரு வசதியும் உண்டு. நம் நாட்டில் ஹாம்களுக்கான வி.எச்.எஃப். பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, யு.எச்.எஃப். பட்டை 434 முதல் 438 வரை. 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. கால் அலைத் துண்டு மூன்று மடங்கு அலைவரிசையில் முக்கால் அலையாகி, அங்கும் திறந்த வாயாகவே தோன்றும். ஆக, ஒரே ஸ்டப் இரண்டு பட்டைகளுக்கும் பொருந்திவிடுகிறது. அனலைசரில் இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

விலை, கிடைக்கும் தன்மை, இழப்பு ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக ஒரே ஒரு கேள்வி: காப்புக் கருவி செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

நான் நஷ்டப்பட்டது இந்த இடத்தில்தான். வாயுக் குழாய் அரெஸ்டர் மாட்டியிருந்த காலத்தில், ஓர் ஐப்பசி மாலையில், இரண்டு காடு தள்ளி நின்ற பனைமரத்தில் இடி விழுந்தது. ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரெஸ்டர் தன் வேலையைச் செய்தது என்று நானும் நம்பி இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, முன்னதைவிடத் தொலைவில் விழுந்த ஓர் இடிக்கு ரேடியோவின் ரிசீவர் செவிடாகிவிட்டது. அரெஸ்டரைக் கழற்றி, எலக்ட்ரீஷியன் ஒருவரின் மெக்கரில் (உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் கருவி) 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தபோது, பற்றிக்கொள்ள வேண்டிய 350 வோல்ட் குப்பி அசையவே இல்லை. முதல் இடியிலேயே பீங்கானில் விரிசல் கண்டு வாயு வெளியேறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்த மூன்று வாரமும் அது வெறும் அலங்காரப் பொருளாகவே இருந்திருக்கிறது.

குப்பி மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. முதல் இடியில் அது தன்னைக் கொடுத்து ரேடியோவைக் காப்பாற்றியது. ஆனால் தான் செத்ததை அது சொல்லவில்லை. நல்ல குப்பியை மல்டிமீட்டரில் அளந்தால் எல்லையற்ற ஓம் காட்டும், வாயு போன குப்பியும் அதையேதான் காட்டும். குப்பி உள்ளே உருகி ஷார்ட் ஆகிவிட்டால் மட்டும் ரேடியோ காட்டிக்கொடுக்கும். மற்றபடி ஒவ்வொரு பெரிய இடிக்குப் பிறகும் மெக்கரைத் தேடிப் போக வேண்டும், அல்லது இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை சந்தேகத்தின் பேரிலேயே குப்பியை மாற்ற வேண்டும். நடைமுறையில் யார் இதைச் செய்கிறார்கள்? நான் செய்யவில்லை.

ஸ்டப்பில் நிலைமை தலைகீழ். ரேடியோ பக்கக் கனெக்டரைக் கழற்றி, நடுமுனைக்கும் உறைக்கும் இடையே மலிவான மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழச் சுழி ஓம் காட்ட வேண்டும். காட்டினால் உயிரோடு இருக்கிறது, காட்டாவிட்டால் இல்லை. சில ஆன்டெனாக்கள் தாமாகவே நேர்மின்னோட்டத்துக்கு (டி.சி.) ஷார்ட்டாக இருக்கும், அப்படியிருந்தால் ஆன்டெனாப் பக்கத்தையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் ஏமாந்துபோவோம். அதைவிட முக்கியமாக, முனையில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போனால், திறந்த முனையுள்ள அந்தக் கால் அலைத் துண்டு டி கனெக்டரில் ஷார்ட்டாக மாறி, எஸ்.டபிள்யூ.ஆர். எகிறி, அடுத்த முறை பேச முயலும்போதே ரேடியோ பழுதைச் சொல்லிவிடும். மற்றபடி தண்ணீர் இறங்காதபடி இணைப்புகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தால் போதும்.

எந்த வழியானாலும் எர்த் சரியில்லையென்றால் அத்தனையும் வீண் என்பதையும் இதே பராமரிப்புக் கணக்கில் சேர்க்கிறேன். நேரான கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்ரி தூண்டல் உண்டு. மைக்ரோ நொடிக்கு 10 கிலோஆம்பியர் வீதம் ஏறும் மின்னல், ஒவ்வொரு மீட்டர் எர்த் கம்பியிலும் 10 கிலோவோல்ட்டை எழுப்பும். முதலில் என் அரெஸ்டர் மாடி ஜன்னலில் இருந்தது, அங்கிருந்து எர்த் குழிக்கு 4 மீட்டர். அது 40 கிலோவோல்ட். இப்போது கேபிளைத் தரைமட்டம்வரை இறக்கி, எர்த் குழியின் தலைமாட்டிலேயே ஒரு செப்புத் தகட்டில் டி கனெக்டரைப் பொருத்தி, அதன் பிறகே வீட்டுக்குள் ஏற்றியிருக்கிறேன். மாடிக் குழாயிலிருந்து தனியாக ஒரு கடத்தி, கூர்மையான வளைவில்லாமல் நேராக இறங்குகிறது. இத்தகைய ஆன்டெனாக் கம்பங்களுக்கு ஐ.இ.சி. 60728-11 என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தரம் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பைக் கேட்கிறது. கூரை விளிம்புக்கு 2 மீட்டருக்கும் கீழே, சுவரிலிருந்து 1.5 மீட்டருக்குள் பொருத்திய ஆன்டெனாக்களுக்கு அதே தரம் விலக்கு அளிக்கிறது. உயரம் தேவைப்படாதவர்கள் முதலில் இதை யோசிப்பது நல்லது.

ஆன்டெனாவுக்கென்று தனி எர்த் குழி தோண்டி, அதை வீட்டு மெயின் போர்டின் எர்த்தோடு இணைக்காமல் விடுவது பரவலாகக் காணப்படும் தவறு. 5 ஓம் குழியில் 10 கிலோஆம்பியர் இறங்கினால் அந்தக் குழி 50 கிலோவோல்ட்டுக்கு எழும், வீட்டு எர்த் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே அகப்படும் ரேடியோ என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குழிகளையும் தடித்த கடத்தியால் வெளியிலேயே இணைத்துவிட வேண்டும். எங்கள் கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது அருமையான எர்த், ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம்தான், ஆனால் உப்பு ஜி.ஐ. குழாயை அரிக்கும். அதனால் நான் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண்ணுக்கு மாறினேன். சித்திரையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடவில்லை.

என் வீட்டு ஆன்டெனாவில் இதுவரை நேரடியாக இடி விழுந்ததில்லை. ஸ்டப் மாட்டிய பிறகு மூன்று மழைக்காலங்கள் கழிந்துவிட்டன, அக்கம்பக்கத்து இடிகளில் ரேடியோவுக்கு எந்தச் சேதமும் இல்லை. இதை வைத்து நேரடி இடியையும் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நேரடியாக விழுந்தால் கேபிளே உருகக்கூடும், தலைக்கு மேல் இடிக்கும்போது நான் மைக்கைத் தொடுவதும் இல்லை. உயரமான கோபுரம் வைத்திருப்பவர்கள் கையால் செய்த துண்டை நம்பாமல், இதற்கென்றே பித்தளையில் கடைந்து விற்கப்படும் கால் அலை அரெஸ்டரை வாங்குவதே சரி. அதை நான் பயன்படுத்தியதில்லை.

ஸ்டப் எல்லோருக்கும் பொருந்தாது. பூஸ்டர் வைத்த டி.வி. ஆன்டெனாவிலும் டிஷ்ஷிலும் கேபிள் வழியாகவே மேலே மின்சாரம் போவதால், அங்கே ஸ்டப் மாட்டினால் அந்த மின்சாரமே ஷார்ட் ஆகிவிடும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு 75 ஓம் வாயுக் குழாய் அரெஸ்டர்தான். எச்.எஃப். அலைவரிசைகளிலும் அதே நிலை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஸ்டப் 7 மீட்டர் நீளம் வரும், 14 மெகாஹெர்ட்ஸில் அது அரை அலையாகி ஷார்ட்டாகவே தோன்றிப் பேச்சை அடைத்துவிடும். ஆகவே என் எச்.எஃப். டைபோல் (இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கம்பிக்கு இன்றும் 350 வோல்ட் குப்பிதான். பங்குனிக் கடைசியிலும் புரட்டாசிக் கடைசியிலும் அதை மெக்கரில் வைத்துப் பார்க்கிறேன், பயன்படுத்தாத நேரத்தில் அந்தக் கேபிளைச் செப்புத் தகட்டிலிருந்தே கழற்றி வைத்துவிடுகிறேன்.