பழைய ஜன்னலுக்குள் புதிய படலம்: எம்பயர் ஸ்டேட் கட்டடச் சீரமைப்பு பற்றிய மதிப்பாய்வு

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009இல் அறிவிக்கப்பட்ட எரிசக்திச் சீரமைப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் '38 சதவீதச் சேமிப்பு' என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால், காசு கொடுத்து இப்படியொரு சேவையைப் பெறப்போகும் கட்டட உரிமையாளரின் கண்ணோடு பார்த்தால், அந்த எண்ணைவிட வேலைகள் திட்டமிடப்பட்ட வரிசையே பெரிதும் பாராட்டத்தக்கது.

1931இல் திறக்கப்பட்ட இந்த 102 மாடிக் கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள் உள்ளன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தலாம் என்பதுதான் எந்த ஒப்பந்தக்காரரும் முதலில் சொல்லும் யோசனையாக இருக்கும். இங்கே அப்படிச் செய்யாமல், ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறையை அமைத்தார்கள். ஒட்டியிருந்த இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்து, துடைத்துச் சுத்தம் செய்து, நடுவில் மெல்லிய படலம் ஒன்றை இழுத்துக் கட்டி, அது சுருக்கமின்றி விறைத்து நிற்கும்வரை சூடேற்றி, இடைவெளியில் கிரிப்டான், ஆர்கான் வாயுக்களை நிரப்பி மூடினார்கள். பிறகு அதே ஜன்னல் பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. கண்ணாடியிலும் சட்டத்திலும் ஏறத்தாழ 96 சதவீதம் மறுபடி பயன்பட்டது. வெப்பத்தைத் தடுக்கும் திறனோ சுமார் மூன்று மடங்கானது. 1981 முதல் பாதுகாக்கப்பட்ட நகரச் சின்னமாக இருக்கும் கட்டடத்தின் வெளித்தோற்றத்துக்கும் இதனால் பங்கம் வரவில்லை. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜன்னலுக்குக் கீழிருந்து அறையைச் சூடாக்கும் நீராவி ரேடியேட்டர்களின் பின்புறமும் வெப்பத்தை அறைக்குள்ளேயே திருப்பும் தகடுகள் பொருத்தப்பட்டன. அதுவரை அந்தச் சூட்டில் ஒரு பங்கு வெளிச்சுவரைச் சூடாக்குவதிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. இப்படிக் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வேண்டிய ஆற்றலைக் குறைப்பதற்குத் திட்டமிட்ட பிறகுதான் குளிரூட்டும் இயந்திரங்களின் அளவைக் கணக்கிட்டார்கள். அதனால், பெரிய இயந்திரங்களை வாங்கும் தேவையே எழவில்லை. இருந்தவற்றின் வெளிக்கூடுகளை வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றினால் போதுமென்றாகி, சுமார் 1.7 கோடி டாலர் முதலீட்டுச் செலவு தவிர்க்கப்பட்டது. வரிசை தலைகீழாகியிருந்தால், பெரிய இயந்திரத்தை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எரிசக்திச் சிக்கனத்துக்கென்று கூடுதலாகச் செலவான தொகை 1.32 கோடி டாலர் என்றும், ஆண்டுச் சேமிப்பு 44 லட்சம் டாலர் என்றும் திட்டக் கணக்கு கூறியது. அதாவது, மூன்றே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால், கட்டடம் முழுவதையும் புதுப்பிக்கும் பெரும் பணி ஏற்கெனவே முடிவாகியிருந்ததால்தான் இந்தக் கூடுதல் தொகை இவ்வளவு சிறியதாகத் தெரிகிறது. அப்படியொரு பணி கைவசம் இல்லாத உரிமையாளர் இந்த மூன்று ஆண்டுக் கணக்கை நம்பி இறங்கினால் ஏமாந்துபோவார்.

வேறு குறைகளும் உண்டு. எதிர்பார்த்த சேமிப்பில் பாதிக்கும் மேற்பட்டது வாடகைதாரர்களின் அலுவலகங்களுக்குள் இருந்தது. விளக்குகள், கணினிகள், உள்ளமைப்பு ஆகியவற்றை மாற்ற ஒவ்வொரு குத்தகையும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். தனித்தனி மீட்டர் வைத்துக் கணக்குக் காட்டினாலும், கேட்பதும் கேட்காததும் வாடகைதாரர் கையில். மேலும், கட்டடத்தைச் சூடாக்கும் நீராவி நகரின் பொதுக் குழாய்களில்தான் வருகிறது. அந்த நீராவி எரிவாயு முதலான எரிபொருள்களிலிருந்து உண்டாகும்வரை, உள்ளே எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் கரிம வெளியீடு முற்றிலும் நீங்காது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் வெளியீட்டு வரம்பு வைத்து, மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம் விதிக்கும் 2019ஆம் ஆண்டின் நகரச் சட்டம் 2030இல் இன்னும் இறுகுவதால், இது வெறும் கொள்கைப் பேச்சாக இருக்கப்போவதில்லை.

சிட்னியின் குவே குவார்ட்டர் கோபுரம் வேறு வழியில் போனது. 1976இல் எழுந்த கோபுரத்தின் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றில் சுமார் 65 சதவீதத்தைக் காப்பாற்றி, அவற்றைச் சுற்றிப் புதிய பகுதிகளைக் கட்டி 2022இல் முடித்தார்கள். தோற்றத்தை மாற்றத் தடையில்லாத, கூடுதல் பரப்பும் தேவைப்படுகிற இடத்துக்கு அது பொருந்தும். முகப்பில் கைவைக்க முடியாத, உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டேயிருக்கும் கட்டடத்துக்கு எம்பயர் ஸ்டேட் வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

86ஆம் மாடிப் பார்வைத் தளத்துக்குச் செல்லும் பயணிகளுக்கு இவற்றில் எதுவும் கண்ணில் படுவதில்லை. புதுப்பிக்கப்பட்ட லிஃப்டுகள் பிரேக் பிடிக்கும்போது, முன்பு சூடாக வீணான ஆற்றல் மின்சாரமாகிக் கட்டடத்துக்கே திரும்புகிறது என்பதைச் சொல்லும் சிறு பலகையாவது அங்கே இருந்தால் நன்றாக இருக்கும்.